சில்லேதாரின் குதிரையும் அக்னிவீரரின் உடலும்

மைசூருவின் படை வரலாறு குறித்த கருத்தரங்கு எதுவாயினும் இரண்டாவது அமர்வுக்குள் ராக்கெட் வந்துவிடுகிறது. திப்புவின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள், அவற்றை ஆராய்ந்து ஆங்கிலேயருக்குச் செய்துகொடுத்த வில்லியம் காங்கிரீவ், பின்னர் ஒரே தாவலில் இந்திய விண்வெளித் திட்டம். இந்த வரிசை பல பத்தாண்டுகளாக மாறவில்லை. அந்த ராக்கெட்டைச் சுமந்து நடந்தவனுக்கு ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, அவன் கால் இழந்தால் யார் பொறுப்பு, அவன் மேலதிகாரி எங்கே பயின்றான் என்ற வினாக்களுக்கு எந்த அமர்வும் ஒதுக்கப்படுவதில்லை. கருவி வரலாறாகிறது, ஆள் அடிக்குறிப்பாகிறான்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது பல்கலைக்கழகங்களில் நிகழ்ந்த விவாதமும் இதே நோயினால் பீடிக்கப்பட்டிருந்தது. ஆதரித்தோர் இளமை, தொழில்நுட்பம், நவீனம் என்றனர். எதிர்த்தோர் ரெஜிமென்ட் மரபு, வீர வழக்கம், உணர்வு என்றனர். ஒரு படையின் ஆளமைப்பு எல்லாவற்றிற்கும் முன்னதாக ஓர் ஒப்பந்தம் என்பதை இரு தரப்பும் மறந்தன. போரில் நேரும் இழப்பில் எவ்வளவு அரசினுடையது, எவ்வளவு சிப்பாயினுடையது என்பதே அவ்வொப்பந்தத்தின் உட்பொருள். இந்தப் பங்கீடு மாறி மாறி எழுதப்பட்டதைக் கற்க மைசூருவைவிடத் தெளிவான பாடநூல் தென்னிந்தியாவில் இல்லை. பாடநூலின் மேல் அமர்ந்துகொண்டே அதைப் படிக்காமல் இருப்பதுதான் வியப்பு.

சில்லேதார் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆயுதத்தைக் குறிக்கும் ‘சிலாஹ்’ என்ற அரபுச் சொல்லுடன் ‘தார்’ என்ற பாரசீக விகுதி சேர்ந்து உருவானது அது. ஆயுதம் உடையவன் என்று பொருள். குதிரை, சேணம், வாள் ஆகியவற்றை வீரனே கொண்டுவந்து பணியில் சேர்வான். அரசு ஒரு மொத்தத் தொகையை மாத ஊதியமாகத் தரும். தீவனமும் பராமரிப்பும் அதற்குள் அடக்கம். குதிரை மடிந்தால் இழப்பு அவனுடையது. தன் குதிரை இன்றிப் பிறருடைய குதிரைமேல் ஏறிப் பணிசெய்பவன் பார்கீர் எனப்பட்டான். கருவூலத்தின் கண்ணோட்டத்தில் சில்லேதார் முறையைவிட இனிய ஏற்பாடு இருக்க இயலாது: முதலீடு இல்லை, லாயச் செலவு இல்லை, கணக்கில் நிலையான பொறுப்பும் இல்லை. ஆனால் குடும்பத்தின் ஒரே சொத்தாகிய குதிரையைப் பீரங்கி வாய்க்கு நேரே செலுத்த எவனும் இருமுறை யோசிப்பான். இதனைக் கோழைத்தனம் என்று எழுதிவைத்த ஆங்கிலேய அதிகாரிகள் உண்டு. அது கணக்கறிவு. இழப்பு எவன்மேல் விழுகிறதோ அவனே இழப்பை எடைபோடுவான்.

இம்முறையின் பிற்கால வடிவத்தில், ஒரு குதிரைவீரனுக்குரிய இடம் ‘ஆசாமி’ எனப்பட்டது. அந்த இடத்தை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். மடிந்த குதிரைக்கு மாற்று வாங்குவதற்கென வீரர்களின் ஊதியத்திலிருந்தே மாதந்தோறும் பிடிக்கப்பட்ட தொகைக்குச் ‘சந்தா’ என்று பெயர். இவ்விரு சொற்களும் தமிழில் அன்றாடம் புழங்குகின்றன. முதற்சொல் இங்கு யாரோ ஒருவன் என்ற அலட்சியப் பொருளைப் பெற்றுவிட்டது. மொழி சில வேளைகளில் வரலாற்றாசிரியரைக் காட்டிலும் நேர்மையாக நடந்துகொள்கிறது.

ஹைதர் அலியின் படையில் அரசு லாயத்துக் குதிரைப்படையும் சில்லேதார்களும் அருகருகே இருந்தனர். திப்புவின் காலத்தில் அமைப்பு இறுகியது. ஜைனுல் ஆபிதீன் சுஷ்தரி இயற்றிய ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ என்ற படை விதிநூல் 1780களில் நடைமுறைக்கு வந்தது. காலாட்படை குஷூன்களாகவும், குஷூன் ரிசாலாக்களாகவும், ரிசாலா ஜௌக்குகளாகவும் பகுக்கப்பட்டது. குஷூனுக்குச் சிப்பாதார், ரிசாலாவுக்கு ரிசால்தார், ஜௌக்கிற்கு ஜௌக்தார் எனத் தலைமை வகுக்கப்பட்டது. ஐரோப்பியக் கட்டளைச் சொற்கள் நீக்கப்பட்டுப் பாரசீகச் சொற்கள் வந்தன. அணிவகுப்பு, அதிகாரியின் கடமை, சிப்பாயின் கடமை யாவும் ஒரே நூலின் அட்டைகளுக்குள் இருந்தன. கருத்தரங்குகள் போற்றும் ராக்கெட் வீரர்கள் இந்தக் குஷூன்களோடு இணைக்கப்பட்டவர்களே. அமைப்பு இல்லையேல் அந்தக் குழாய் வெறும் வாணவேடிக்கை. திப்புவின் படை சொர்க்கமும் அன்று. குடகிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டோர் வலிந்து சேர்க்கப்பட்ட அஹமதிப் பிரிவுகளும் அதில் இருந்தன என்பதைக் குடகின் நினைவு இன்றும் மறக்கவில்லை. புகழ்மாலையும் வசைமாலையும் ஏற்கெனவே போதுமான அளவு கட்டப்பட்டுள்ளன. படையைப் பராமரிக்கும் சுமையில் பெரும்பகுதியை அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்ட ஒரு முயற்சி இங்கு நடந்தது என்பதே இவ்விடத்தில் வேண்டிய செய்தி.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அமைப்பு கலைக்கப்பட்டது, ஆட்கள் கலையவில்லை. வேலையிழந்த குதிரைவீரர்களில் ஒரு பகுதியினர் தோண்டியா வாக்கிடம் திரண்டனர். அவனை 1800 செப்டம்பரில் கோணகல் அருகே வீழ்த்த ஆர்தர் வெல்லெஸ்லி மாதக்கணக்கில் அலைய நேர்ந்தது. திவான் பூர்ணையாவின் விடை வேறுவகையானது. திப்புவின் பழைய குதிரைவீரர்களுள் பலரை அவர் மைசூரு சில்லேதார் படையில் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அந்த விடையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். 1799 உடன்படிக்கையின்படி மைசூரு ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன்களைக் கும்பினிக்குச் செலுத்தித் தன் ‘பாதுகாப்பை’ வாங்கியது. 1807இல் கூடுதலாக ஓர் உடன்படிக்கை: கும்பினியின் போர்களுக்கென 4,000 குதிரைவீரர்களை மைசூரு எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். கும்பினி தன் குதிரைப்படையின் சுமையை மைசூரு மீது இறக்கியது. மைசூரு அதனைச் சில்லேதாரின் தோளில் இறக்கியது. சில்லேதாருக்குக் கீழே இறக்கிவைக்க எவரும் இல்லை. அவனுடைய குதிரைதான் இருந்தது. 1803இல் வெல்லெஸ்லியின் மராட்டியப் படையெடுப்பிலும் 1817இல் மகீத்பூரிலும் மைசூரு சில்லேதார்கள் கும்பினிக்காகக் களத்தில் நின்றனர். வெற்றி பெற்றவர்களின் பெயர்கள் லண்டன் வரை சென்றன.

இம்முறை மைசூருவோடு முடியவில்லை. ஆங்கிலேய இந்தியக் குதிரைப்படையில் முதல் உலகப்போருக்கு முன்பிருந்த 39 ரெஜிமென்டுகளில், சென்னை இராணுவத்தின் வழிவந்த மூன்றைத் தவிர அனைத்தும் சில்லேதார் முறையிலேயே இயங்கின. சிக்கனமானது, மரபுக்கு ஏற்றது, உயர்குடி இளைஞரை ஈர்ப்பது என்றெல்லாம் அது புகழப்பட்டது. 1914இல் உண்மையான போர் வந்தது. மடிந்த குதிரைக்கு மாற்று எங்கே, விழுந்த வீரனுக்கு மாற்று எங்கே என்ற வினாக்களுக்கு ரெஜிமென்டுகளின் சந்தாப் பெட்டியால் விடைசொல்ல இயலவில்லை. அரசு கருவூலத்தைத் திறந்தே தீரவேண்டியதாயிற்று. போருக்குப் பிந்தைய சீரமைப்பில் 39 ரெஜிமென்டுகள் 21 ஆக ஒடுக்கப்பட்டன. சில்லேதார் முறை ஒழிக்கப்பட்டது. இதனை ஒழித்தது மனிதநேயமன்று. பெரும்போரின் கணக்கு.

(1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவைக் கைப்பற்றிய படையில் மைசூரு லான்சர்கள் இருந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அதைச் செய்வது நன்று. அந்தப் படை அதற்கு முந்தைய கால் நூற்றாண்டாக எவ்வாறு சீரமைக்கப்பட்டுப் பயிற்றப்பட்டது என்பதையும் உடன்சேர்த்து நினைத்தால் இன்னும் நன்று.)

இனி 2022. அக்னிவீரர் என்பவர் பதினேழரை வயது முதல் சேர்க்கப்பட்டு நான்கு ஆண்டுகள் பணியாற்றுபவர். பயிற்சிக்காலம் அந்நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே அடங்கும். முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் நிலையான பணிக்கு எடுக்கப்படலாம். ஏனையோர் வெளியேற வேண்டும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. முதலாண்டு மாத ஊதியம் 30,000 ரூபாய், நான்காமாண்டு 40,000. வெளியேறும்போது சேவா நிதி என்ற பெயரில் 11.71 லட்சம் ரூபாய்.

இந்தத் தொகையைச் சற்றுப் பிரித்துப் பார்க்கவேண்டும். விளம்பரங்கள் பிரித்துக் காட்டுவதில்லை. ஒவ்வொரு மாதமும் அக்னிவீரரின் ஊதியத்தில் 30 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாண்டில் அவர் கைக்கு வருவது 21,000 மட்டுமே. நான்கு ஆண்டுகளில் அவரிடமிருந்து பிடிக்கப்படுவது 5.02 லட்சம். அரசு அதற்கு ஈடாக 5.02 லட்சம் செலுத்துகிறது. எஞ்சியது வட்டி. அரசின் கொடை எனக் காட்டப்படும் தொகையில் பாதி, அவருடைய கூலியே அவருக்குத் திரும்பி வருவது. சந்தா என்ற பழைய சொல்லுக்குச் சேவா நிதி என்று புதுப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. குதிரையின் இடத்தில் எதிர்காலம் வைக்கப்பட்டுள்ளது.

ஒப்புமை முழுமையானதன்று என்பதை மறைக்கத் தேவையில்லை. அக்னிவீரர் தம் துப்பாக்கியைத் தாமே வாங்கிவருவதில்லை. பணியில் மடிந்தால் 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. அதற்கு அவரிடம் பங்களிப்புப் பெறப்படுவதில்லை. பணியின் காரணமாக இறந்தால் 44 லட்சம் கருணைத்தொகையும் உண்டு. இவை சிறு தொகைகள் அல்ல. சிக்கல் உயிரோடு திரும்புபவரிடம் தொடங்குகிறது. பணியால் நேர்ந்த உடற்குறைபாடு 100, 75, 50 விழுக்காடு என மூன்று படிகளாக அளக்கப்பட்டு முறையே 44, 25, 15 லட்சம் ஒரே தவணையில் தரப்படும். இருபது வயதில் கால் இழந்தவருக்கு முன்னால் இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அவருக்கு அருகில், அதே பதுங்குகுழியில், அதே குண்டினால் காயமுற்ற நிலைப்பணிச் சிப்பாய் வாழ்நாள் முழுதும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுவார். குண்டு இருவரையும் வேறுபடுத்துவதில்லை. பணிநியமன ஆணை வேறுபடுத்துகிறது. மாய்ந்த குதிரையின் விலையை எவர் ஏற்பது என்ற பழைய வினா உடல் வடிவில் திரும்பியிருக்கும் இடம் இதுவே.

ஓய்வூதியச் சுமை என்ற வாதம் பொய்யானதன்று. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இதைக் கண்டு கவலைப்படாத நிதியமைச்சர் தம் பணிக்குத் தகுதியற்றவர். ஆயினும் அந்தக் கவலைக்கான தீர்வு எவர் மீது எழுதப்பட்டுள்ளது? அதிகாரிகளின் ஓய்வூதியம் தொடப்படவில்லை. பாதுகாப்புத் துறையின் குடிமைப் பணியாளர்களுக்கும் அதே தலைப்பில்தான் ஓய்வூதியம் செல்கிறது. அவர்கள் எவரும் நான்கு ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. சீர்திருத்தத்தின் கத்தி ஏணியின் கடைசிப் படியில் மட்டும் இறங்கியது. அந்தப் படியில் நிற்பவர் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளை. 2020 முதல் இரண்டாண்டுகள் ஆள்சேர்ப்பு முடங்கிக் கிடந்தபோதும், விடியுமுன் மைதானத்தில் 1,600 மீட்டர் ஓடிப் பழகிக்கொண்டிருந்தவர்.

‘எவரையும் கட்டாயப்படுத்தவில்லையே, லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்களே’ என்பது அடுத்த வாதம். ஆசாமியை விலைகொடுத்து வாங்கவும் அந்நாளில் ஆட்கள் வரிசையில் நின்றனர். வரிசையின் நீளம் வேலையின்மையை அளக்கும். ஒப்பந்தத்தின் நேர்மையை அளக்காது. கட்டாயம் இல்லாத இடத்தில் மறுப்பு எப்படி ஒலிக்கும் என்பதை நேபாளம் காட்டியது. 1947 முத்தரப்பு உடன்பாட்டின்கீழ் கூர்க்காக்களை அனுப்பிவந்த அந்நாடு, அக்னிபத் வந்தபின் இந்தியத் தரைப்படைக்கான ஆள்சேர்ப்பை நிறுத்திவைத்தது. மாண்டியா, ஹாசன், குடகு மாவட்ட இளைஞர்களுக்கு அப்படி நிறுத்திவைக்க ஓர் அரசாங்கம் இல்லை.

அமெரிக்காவிலும் நான்காண்டுப் பணி உண்டே என்று மேற்கோள் காட்டுவோர் அங்கு பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அங்கு நான்கு ஆண்டு முடித்தவர் அரசு செலவில் கல்லூரிக்குச் செல்கிறார். பணியில் நேர்ந்த ஊனத்திற்கு வாழ்நாள் உதவித்தொகை பெறுகிறார். தொடர விரும்பித் தகுதியும் உடையவர் மறுபடி ஒப்பந்தம் எழுதலாம், நூறுக்கு இருபத்தைந்து என்ற வேலி இல்லை. இங்கு கல்லூரியின் இடத்தில் வைக்கப்பட்டிருப்பது ஒரு திறன் சான்றிதழும் வேலைவாய்ப்பில் முன்னுரிமை என்ற உறுதிமொழியும்.

உள்நாட்டு முன்னுதாரணமும் இதேபோல் அரைகுறையாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. விடுதலைக்குப் பிந்தைய முதற்காலத்தில் சிப்பாய் 7 ஆண்டு பணியும் 8 ஆண்டு ரிசர்வும் ஆற்றினார்; இரண்டும் சேர்ந்த 15 ஆண்டுகளுக்கு ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் கிடைத்தது. இளைய படை வேண்டும் என்று பின்னர் பரிந்துரைத்ததும் உண்மை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் மறுஆய்வுக் குழு, பணிக்காலத்தை 17 ஆண்டுகளிலிருந்து 7 முதல் 10 ஆண்டுகளாகக் குறைக்கச் சொன்னது. உடன் அவர்களைத் துணை இராணுவப் படைகளுக்கு மாற்றவேண்டும் என்றும் சொன்னது. பூர்ணையாவின் விடையும் அதுதான்: பயின்ற ஆளை அரசே எடுத்துக்கொள்வது. 2022இல் குழுவின் முதற்பாதி எடுக்கப்பட்டு, எண்ணும் நான்காகக் குறைக்கப்பட்டது. இரண்டாம் பாதிக்குப் பதிலாகத் துணை இராணுவத்தில் 10 விழுக்காடு இட ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. எழுபத்தைந்து பேர் வெளியே நிற்கையில் வேறொரு வாசலில் போட்டியிடும் உரிமை தரப்பட்டது என்று இதைச் சொல்வதே பொருந்தும்.

தோண்டியா வாக்கைக் காட்டி, ஆயுதப் பயிற்சி பெற்ற இளைஞர் வேலையின்றித் திரிந்தால் நாட்டுக்கு ஆபத்து என்று அச்சமூட்டும் எதிர்ப்பாளரும் உண்டு. அது நாட்டுக்காக நின்ற இளைஞரை வருங்காலக் குற்றவாளியாகப் பார்க்கும் இழிவான வாதம். அவர்களுக்கு உரியதைத் தரவேண்டியது அவர்களுக்கு அஞ்சி அன்று.

அதிகாரிப் பயிற்சிக்கு வந்தால் மௌனம் இன்னும் ஆழமாகிறது. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் குறுகியகாலப் பணிக்கு வரும் கேடட் 49 வாரங்கள் பயில்கிறார். பின் 10 ஆண்டுகள், விரும்பின் மேலும் 4 ஆண்டுகள். அதிகாரியின் ‘குறுகிய காலம்’ பத்தாண்டு. சிப்பாயின் முழுக்காலம் நான்காண்டு. ‘குறுகிய’ என்ற சொல் பதவிக்கேற்ப நீள்வதை மொழியியல் மாணவர் எவராவது ஆராயலாம். 2020 பிப்ரவரியில் பபிதா புனியா வழக்கில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தரவேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்தது. 2025 மே மாதத்தில் முதல் பெண் கேடட்டுகள் அங்கு பயிற்சி முடித்தனர். வரவேற்கத்தக்க மாற்றங்கள். நிரந்தரம் என்பது உரிமை என்று மேல்தளத்தில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அதே ஆண்டுகளில், கீழ்த்தளத்தில் நிரந்தரம் சலுகையாக்கப்பட்டது.

இளம் லெப்டினன்ட் தம் தொழிலை உண்மையில் கற்கும் இடம் கழகமன்று, முதல் பட்டாளம் என்பது படையில் இருந்தோர் அனைவரும் அறிந்தது. அங்கு ஆசிரியர் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள அவில்தார் அல்லது சுபேதார். ‘சாகிப்’ என்று விளித்துக்கொண்டே பிழை திருத்தும் அந்த ஆசிரியர் மரபு, நீண்ட பணிக்காலத்தின் விளைவு. நான்கில் மூவர் நான்காண்டில் போய்விட்டால், எஞ்சிய சிறுதொகையிலிருந்தே வருங்கால அவில்தார்களும் சுபேதார்களும் வரவேண்டும். 2024 நடுப்பகுதி நிலவரப்படி தரைப்படையில் அனுமதிக்கப்பட்ட அதிகாரிப் பணியிடங்களில், மருத்துவப் பிரிவுகள் நீங்கலாக, எட்டாயிரத்திற்கும் மேற்பட்டவை காலி. அதிகாரிகள் குறையும்போது அவில்தாரின் சுமை கூடும். அவில்தாராகும் வாய்ப்புள்ளோர் தொகையோ சுருங்கும். இவ்விரு கோடுகளும் எங்கே சந்திக்கும் என்பதைத் திட்ட ஆதரவாளர்கள் வரைந்து காட்டியதில்லை.

மற்றொன்று. அக்னிவீரர் தொடர்வாரா, வெளியேறுவாரா என்பது நான்காண்டு மதிப்பீட்டைச் சார்ந்தது. அந்த மதிப்பீட்டின் அடித்தளத்தில் அவருடைய மேலதிகாரிகளின் குறிப்புகள் உள்ளன. இதனால் இருபத்துமூன்று வயது அதிகாரி தம் வீரர்களின் தலைவராகவும் அவர்கள் பிழைப்பின் தேர்வாளராகவும் ஒருசேர ஆகிறார். வீரர்களோ ஒருவருக்கொருவர் உயிர்த்துணையாகவும் போட்டியாளராகவும் ஆகின்றனர். அருகிலிருப்பவனைக் காப்பாற்ற ஓடுவதா, தன் மதிப்பெண்ணைக் காப்பதா என்று எந்த வீரரும் களத்தில் நின்று எண்ணிப் பார்க்கமாட்டார் என நம்பலாம். இந்திய வீரர் அந்த நம்பிக்கைக்கு உரியவர். ஆனால் அந்த நம்பிக்கையின் மேல் ஓர் ஆளமைப்பையே கட்டிவிட்டு, அதற்கான விலையை மட்டும் அவரிடம் வசூலிப்பது சில்லேதார் முறைக்கே உரிய தந்திரம்.

தரைப்படையின் முதல் அக்னிவீரர் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குச் சேர்ந்தது. அவர்களுடைய நான்கு ஆண்டுகள் 2026 இறுதியோடு நிறைவடைகின்றன. அதற்குமுன் கேட்கப்படவேண்டியவை மூன்று. பணியில் ஊனமுற்றவருக்கு நிலைப்பணிச் சிப்பாய்க்கு இணையான வாழ்நாள் ஓய்வூதியம். பணியில் மடிந்தவரின் குடும்பத்திற்குக் குடும்ப ஓய்வூதியம். வெளியேறுவோரை வேறு வரிசையில் நிற்கவைக்காமல் துணை இராணுவத்திற்கு நேரடியாக மாற்றும் வழி. அங்கு நான்கு ஆண்டுப் பணியும் பணிக்காலமாகக் கணக்கிடப்பட வேண்டும். ஓய்வூதியச் செலவைக் குறைப்பதற்கான விவாதம் இவற்றிற்குப் பின் நடக்கட்டும். அதிகாரிகளின் வரிசையும் அதில் இடம்பெறட்டும். மைசூருவின் வரலாற்றுத் துறைகளும் அடுத்த கருத்தரங்கிற்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளலாம்: 1807 உடன்படிக்கையின் 4,000 குதிரைகளில் எத்தனை மடிந்தன, எவர் பணத்தில் மாற்றப்பட்டன. ராக்கெட் அமர்வைப் பிற்பகலுக்குத் தள்ளிவைக்கலாம்.